பால் தூக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. கோவையில் ஐ.டி. வேலை. எடை 94 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. ஷூ வாங்கினேன், அடி எண்ணும் வாட்சும் வாங்கினேன். எழுந்ததும், 'நாலு தடவை ஆரம்பித்து விட்டவன்தானே நீ? இந்த உடம்போடு ரேஸ்கோர்ஸில் போனால் எல்லாரும் பார்ப்பார்கள்' என்கிறது மனம். திரும்பப் படுத்துவிடுகிறேன். இந்த எதிர்மறை எண்ணங்களை எப்படி வெல்வது? நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மின்னஞ்சல் காலை 5.20-க்கு வந்திருக்கிறது. இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன், அசல் நாலு பக்கம். அதாவது எழுந்தாயிற்று, விளக்கைப் போட்டாயிற்று, உட்கார்ந்து நாலு பக்கம் தட்டியும் ஆயிற்று. அந்த நேரத்துக்கு ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று வந்திருக்கலாமே ஐயா.

புத்தகம் வேண்டாம். ஷூ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாட்சில் அந்தப் பத்தாயிரம் அடி கணக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படித்தான் உங்கள் மணிக்கட்டு வரை வந்து சேர்ந்திருக்கிறது. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மட்டும் அது வேறு விஷயம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

'வெல்வது' என்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னை எழுத உட்காரவைத்தது. மனதைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட பிறகுதான் காலை வெளியே வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாளுக்குச் சுமார் 600 படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. (ஓட்டுநர்கள் முதலிலிருந்தே பருமனோ என்று பின்னர் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. நேர்மையான மனிதர், அதையும் வெளியிட்டார்.) அந்த நடத்துநர்களில் யாராவது ஊக்கம் வந்து படி ஏறியிருப்பார்களா? மாடியில் டிக்கெட் வாங்காத ஆள் உட்கார்ந்திருந்தான், ஏறினார்கள். அன்று வீட்டில் சண்டையா, கடன்காரன் வந்தானா என்றெல்லாம் இதயம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

என் பெரியப்பாவும் நடத்துநர்தான், மதுரை டவுன் பஸ்ஸில். ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியில் விழுந்தார். இரண்டே வருஷத்தில் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். "வேலைவெட்டி இல்லாம சுத்துறான்னு சொல்வானுக" என்று ஒரு மாதம் தெருவில் இறங்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதும் இதே வாக்கியம்தான், கொஞ்சம் படித்த தமிழில்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையில் எடுத்தார். பால் வாங்கப் போகிறாராம். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். வண்டியூர் தெப்பக்குளத்தில் அப்போது தண்ணீர் கிடையாது, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். காலித் தூக்கின் மூடி கடகடவென்று ஆட, நாலு கரையையும் சுற்றுவார். கிழக்குக் கரையில் டாக்டரைத் திட்டுவார். தெற்கில் பழைய டிப்போ மேனேஜரை. மேற்கில் "இனிமே நடந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்" என்று தன்னையே. வடக்குக் கரைக்கு வரும்போது மூச்சு வாங்கும், திட்ட முடியாது. அடுத்த சுற்றில் மறுபடி டாக்டர். பத்து வருஷத்துக்கு மேல் நடந்தார். ஒரு நாளாவது நல்லதாக எதையும் நினைத்துக்கொண்டு நடந்த மாதிரி எனக்கு ஞாபகமில்லை. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தூக்கைச் சற்று உயர்த்திக் காட்டுவார், அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து, எங்கள் வீட்டுக்குப் பால்காரர் வாசலுக்கே வருவார். பெரியம்மா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "எதுக்கு இன்னொரு அரை லிட்டர்?" என்று கேட்டார். "வெயில் காலம், மோருக்கு ஆகும்" என்றார் பெரியப்பா. அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவே மோர் குடித்தது.

உங்கள் வீட்டுக்குப் பால் எப்படி வருகிறது? ஆப்பில் சொல்லி வரவழைப்பதாக இருந்தால் நாளையோடு நிறுத்துங்கள்.