பாயின்ட் குவித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை முன்னேற்றிப் பாயின்ட் எடுக்கும் அஃபென்ஸுக்கு 11 பேர், எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கு வேறு 11 பேர் இறங்குகிறார்கள். அஃபென்ஸ் பாயின்ட்டாகக் குவித்தால் டிஃபென்ஸ் சுமாராக இருந்தால்தான் என்ன?

பதில்: ஆட்கள் வேறு என்றாலும் கடிகாரம் ஒன்றுதானே! அஃபென்ஸ் பந்தைச் சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டால், பெஞ்சில் அப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்த டிஃபென்ஸ்காரர் திரும்ப எழுந்து ஓட வேண்டும்.

2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பௌலை, அதாவது லீகின் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அந்த சீசனில் 540 பாயின்ட் எடுத்த அணி, லீகிலேயே அதிகம். மூன்றாவது குவார்ட்டரில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 28-3 என்று அமுக்கி வைத்திருந்தது. அந்த 28-இல் ஒரு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) டிஃபென்ஸே எடுத்தது, பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி எறிந்த பந்தை ராபர்ட் ஆல்ஃபோர்டு பறித்துக்கொண்டு 82 யார்டு ஓடினார். அருமையான ஓட்டம், ஆனால் பாயின்ட் எடுத்த அணிதான் அடுத்து பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் அதே டிஃபென்ஸ் மூச்சு வாங்க நேரமில்லாமல் மறுபடி களத்துக்குள் போனது.

எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் கடைசிக் குவார்ட்டரில் வருகிறது. பேட்ரியாட்ஸ் 28-20 வரை நெருங்கிவிட்டது, ஐந்து நிமிடம்கூட இல்லை, ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டை ஒட்டி அந்தரத்தில் ஒரு பந்தைப் பிடிக்கிறார், எதிரணியின் 22-ஆவது யார்டு. அங்கிருந்து பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, நேரத்தைக் கரைத்து, கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் தரும் ஒரு ஃபீல்டு கோல் எடுத்திருந்தால் 31-20, கதை முடிந்தது. முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு பின்னால் போனது, சரி, பரவாயில்லை. அடுத்து பந்தை எறியப் பின்வாங்கிய மேட் ரயனை 12 யார்டு பின்னால் மடக்கினார்கள். அப்புறம் ஃபால்கன்ஸ்காரர் ஒருவர் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக 10 யார்டு பெனால்டி. ஃபீல்டு கோல் தூரமே கைவிட்டுப் போக, பன்ட் அடித்து, அதாவது பந்தைத் தூர உதைத்து, எதிரணியிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பேட்ரியாட்ஸ் 91 யார்டு நடந்தே வந்து சமன் செய்தது. அன்று பேட்ரியாட்ஸ் ஆடியது 93 ப்ளே (பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே), ஃபால்கன்ஸ் 46. அத்தனையையும் தடுக்க ஓடிய கால்களில் ஓவர்டைமுக்கு என்ன மிச்சம் இருக்கும்? டாஸ் பேட்ரியாட்ஸுக்கு விழுந்தது, நேரே போய் டச் டவுன், 34-28. அப்போதைய விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்தது, 540 பாயின்ட் எடுத்த அஃபென்ஸ் ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை.