கருவாட்டுக்குப் பதில் கானாங்கெளுத்தி

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவருக்கு 46 வயது. கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது, ரத்த அழுத்தமும் உண்டு. மீனும் பயறும் நிறைய சாப்பிடச் சொல்கிறார் டாக்டர். நாங்கள் வீடு திரும்பவே இரவு எட்டு மணி. அரை மணி நேரத்தில் என்ன சமைக்கலாம்? அவருக்குப் பிடித்ததோ மொச்சைக் கருவாட்டுக் குழம்பு!"

அதையே வையுங்கள். கருவாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்தான். கருவாட்டுக் குழம்பு வைத்தால் அந்தக் கணக்கு அங்கேயே இடிக்கும். பதிலுக்குக் கானாங்கெளுத்தி வாங்குங்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் 'பங்குடே' என்று கேளுங்கள். மத்தியும் நல்லதுதான். இவற்றிலுள்ள ஒமேகா 3 முக்கியமாக ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பைக் குறைக்கும். கெட்ட கொழுப்பைக் கவனிப்பது மொச்சை: அதன் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும், புதிதாகப் பித்தம் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்ளும்.

காலையில் கிளம்பும்போதே அரை கப் மொச்சையை ஊறப் போடுங்கள். இரவு குக்கரில் நாலைந்து விசில். புளியை மொச்சை வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் எத்தனை விசில் விட்டாலும் விறைப்பாகவே இருக்கும். போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளிலும் இதே தொல்லை, அதனால் ஃபில்டர் தண்ணீரிலேயே ஊறவைத்து வேகவையுங்கள்.

குக்கர் ஓடும்போதே 2 டீஸ்பூன் எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுவிடலாம். அப்புறம் மொச்சை, புளிக்கரைசல், கொஞ்சமாக உப்பு. தேங்காய் அரைக்க வேண்டாம்; வெந்த மொச்சையில் ஒரு கைப்பிடியை மசித்துச் சேர்த்தால் குழம்பு தானே கெட்டியாகும். (அவரிடம் சொல்லாதீர்கள், கண்டுபிடிக்க மாட்டார்.) பச்சை வாசனை போனதும் 300 கிராம் மீனைப் போட்டு, சிறு தீயில் 6, 7 நிமிடம். கரண்டி வேண்டாம், சட்டியைச் சுழற்றினால் போதும்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரெங்கும் பச்சை மொச்சை குவிந்திருக்கும். ஊறவைக்கிற வேலையே இல்லை. பிதுக்கம்பருப்பு இன்னும் சீக்கிரம் வேகும், ஆனால் தோலோடு நாரில் ஒரு பங்கும் போய்விடும்.

வாரம் இரண்டு நாள் மீன் போதும், வறுவலாக அல்ல. யூரிக் அமிலம் அதிகமிருந்தால் இந்த மீன்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், குழம்பை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.