தடித்த எஃகு ஸ்லாபின் நடுவே குழி: அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை

வணக்கம். பெங்களூரு பீன்யாவிலுள்ள உங்கள் பட்டறையில் 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு ஸ்லாபை (தட்டையான பாளத்தை) கிராஃபைட் அச்சில் கீழிருந்து அழுத்தி வார்க்கும்போது நடுவில் குழி விழுகிறது என்றும், காற்றழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உருகிய எஃகை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 0.7 பார் அழுத்தம் போதும். அதற்கு மேல் கொடுப்பது, உலோகம் அச்சுக்குள் நுழையும் நுழைவாய் உறைந்துவிட்டால், நடுப்பகுதியை எட்டவே எட்டாது.

கோளாறு அச்சின் வடிவத்தில்தான் என்பது என் கணிப்பு. தடிமன் இரட்டித்தால் உறையும் நேரம் நான்கு மடங்காகும் என்பதோடு, கீழிருந்து நிரப்புகையில் கடைசியாக நுழையும் சூடான உலோகம் அடியிலேயே தங்கிவிடுவதால், உறையும்போது சுருங்கும் ஸ்லாபுக்கு உலோகம் ஊட்ட வேண்டிய மேல்முனைத் தேக்கமான ரைசரே முதலில் குளிர்ந்து போகிறது. ஆகவே இணையான பக்கத் தகடுகளை விட்டுவிட்டு மேல்நோக்கிச் சற்றே விரியும் சரிவைக் கொடுங்கள். சீராக்கும்போது கொஞ்சம் எஃகு வீணாகும், பரவாயில்லை. ரைசருக்கு வெப்பத்தடுப்பு ஸ்லீவும் (உறையும்) அவசியம்.

முதலில் ஒரு ஸ்லாபை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். குழி நுழைவாயை ஒட்டியிருந்தால் அழுத்தத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறீர்கள் என்று கொள்ளலாம். நடுக்கோட்டில் நீண்டு கிடந்தால் சரிவு போதவில்லை.