ஒற்றைக் கோழியும் உதிரும் இறகும்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தை ஒட்டிய தரை வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு வரை 4 கம்பத்துக் கோழிகள் வளர்த்தோம். ஒரே வாரத்தில் மூசாங் (மரநாய்) புகுந்து மூன்றைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பெட்டைக்கு இப்போது ஏறக்குறைய 2 வயது. 3 வாரங்களாக அதன் கழுத்திலும் மார்பிலும் இறகு கொட்டித் தோல் தெரிகிறது, முட்டையும் நின்றுவிட்டது. பகல் முழுவதும் சமையலறைக் கதவருகிலேயே நிற்கிறது; நான் உள்ளே போனால் விடாமல் கத்துகிறது. தனிமை தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது என்கிறார் என் கணவர். தீவனம் தனியாக வாங்குவதில்லை; சோறும் காய்கறித் தோலும்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பாசாரில் இன்னொரு கோழி வாங்கி வந்துவிடலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அம்மா. உங்கள் கோழி தனிமையில் வாடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இறகு உதிர்வதற்கும் அதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட இயலாது. ஒற்றைக் கோழியிடம் ஒரு வசதி உண்டு. பல கோழிகள் உள்ள கூட்டில் இறகு போனால், சேவல் ஏறி மிதித்ததா, மற்றக் கோழிகள் கொத்தினவா என்ற இரண்டு கேள்விகளே முதலில் எழும். உங்கள் வீட்டில் அவை இரண்டுக்கும் இடமில்லை. எஞ்சுபவை இறகு மாற்றும் பருவம், பேனும் உண்ணியும், அடை, அதன் சொந்த அலகு ஆகிய நான்குதான். அடைக்கோழியானால் மார்பிறகைப் பிடுங்கிவிட்டு முட்டையிடும் இடத்தைவிட்டு நகராமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கதவருகே நின்று கத்தாது. ஆகவே அதையும் தள்ளிவிடலாம்.

இன்றிரவு கோழி அடைந்த பிறகு, அதை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைவிளக்கின் வெளிச்சத்தில் பாருங்கள். இறகு போயிருப்பது அதன் அலகு எட்டும் இடமா, எட்டாத இடமா என்பதுதான் முதல் கேள்வி. மார்பு, வயிறு, இறக்கையின் உட்புறம் ஆகியவை எட்டும். தலையும் கழுத்தின் மேற்பகுதியும் எட்டவே எட்டா. தலைக்குச் சற்றுக் கீழே கழுத்தைச் சுற்றி வெறுமையாக இருந்தால், உங்கள் கணவர் சொல்லும் காரணம் அந்த இடத்துக்குப் பொருந்தாது. அடுத்து அந்தத் தோலை விரலால் தடவிப் பாருங்கள். கோரைப் புல்லின் முனைபோல நீலம் பாய்ந்த குருத்திறகுகள் குத்தினால், பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கிறது என்று பொருள். இறகுதிர்ப்பு பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் தொடங்கி, மார்பு, முதுகு, இறக்கை என்று போய் வாலில் முடியும். வழக்கமாக 8 முதல் 12 வாரங்கள் நீடிக்கும். அந்த நாள்களில் முட்டை நிற்பது இயல்பே. குளிர்நாடுகளில் பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் இது வருவதால் அங்குள்ளவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். பினாங்கோ வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கிறது; ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிய வேறுபாடுதான். எனவே இங்கே எந்த மாதத்திலும் வரக்கூடும். நோய் கண்டுவிட்டது என்று பயந்து, இறகு மாற்றும் நல்ல பெட்டையைக் குழம்பில் போட்டவர்களை நான் அறிவேன்.

அதே வெளிச்சத்தில் எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகுகளையும் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடி மறைபவை பேன்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளை உப்புக்கட்டிபோல ஒட்டியிருப்பவை அவற்றின் ஈர்கள். செவ்வுண்ணியைக் கோழியின்மேல் மட்டும் தேடினால் போதாது. அது பகலில் கூட்டின் இடுக்குகளில் பதுங்கிக் கிடந்து, இரவில் மட்டும் ஏறிவந்து இரத்தம் குடிக்கும். வெள்ளைத் துணியால் கோழி உட்காரும் கொம்பின் அடிப்பக்கத்தை இரவில் அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கறை படிந்தால் உண்ணி இருக்கிறது. கொண்டையும் வெளிறியிருந்தால் காலம் கடத்த வேண்டாம். கோழிக்கென்றே விற்கும் பேன் தூளைப் போட்டு, 7 முதல் 10 நாள்களில் மறுபடியும் போடுங்கள். முதல் முறையில் பேன், உண்ணி ஆகியவற்றின் முட்டைகள் சாகாமல் பிறகு பொரித்துவிடும். கொம்பின் முனைகளையும் பலகை இடுக்குகளையும் விட்டுவிட்டுக் கோழிக்கு மட்டும் மருந்து போடுவது வீண். தோலில் மஞ்சள் பூசினாலும் இடுக்கில் இருக்கும் உண்ணி அப்படியேதான் இருக்கும்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன்: உங்கள் முற்றம் முழுவதும் சிமெண்டுத் தரையா? தரை வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். கோழிக்குக் குளியல் என்பது மண்ணில் புரள்வதுதான். அது இல்லாவிட்டால் பேன் பெருகும். எங்கள் தோட்டத்து வீட்டில் பாட்டி அடுப்புச் சாம்பலை ஒரு மூலையில் கொட்டிவைப்பார். பெட்டை அதில் காலை நீட்டிப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இறக்கைக்குள் சாம்பலை வாரி வாரி இறைத்துக்கொள்ளும். பழைய துணி அலசும் தொட்டி ஒன்றில் காய்ந்த மண்ணும் மணலும் சிறிது விறகுச் சாம்பலும் கலந்து, மழைச்சாரல் படாத இடத்தில் வைத்தால் போதும்.

இனி, சோறு. இறகில் 80 விழுக்காட்டுக்கு மேல் புரதம். சோற்றையும் காய்கறித் தோலையும் வைத்து அதை உருவாக்க முடியாது. முட்டைக்கோழித் தீவனத்தில் வழக்கமாக 16 விழுக்காடு புரதம் இருக்கும். இறகு முளைக்கும் காலத்தில் 18 முதல் 20 வரை தேவை. எனவே தீவனத்தை அன்றாட உணவாக்கிவிட்டு, அவித்த முட்டை, கரையான், நன்றாக ஊறவைத்து உப்பு போக அலசிய நெத்திலி ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துக் கொடுங்கள். முளைக்கும் குருத்திறகுக்குள் இரத்தம் ஓடும். அந்த வாரங்களில் அடிக்கடி தூக்கினால் கோழிக்கு வலிக்கும்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது முழுத் தவறன்று. நம் காட்டோரங்களில் இன்றும் கூவும் காட்டுக்கோழிதான் வீட்டுக்கோழியின் மூதாதை. அது கூட்டமாக வாழும் பறவை. இரவில் உடலோடு உடல் ஒட்டி அடைவதும், ஒன்று புழுவைக் கண்டால் மற்றவை ஓடிவருவதும் அந்த வழக்கத்தின் மிச்சம். துணையிழந்த பெட்டை உங்களையே தன் கூட்டமாக எண்ணிவிட்டது. நீங்கள் கதவுக்குப் பின்னால் மறைந்ததும் கத்துவது அதனால்தான். பேனும் இல்லை, குருத்திறகும் இல்லை, அலகு எட்டும் இடங்கள் மட்டுமே வெறுமை என்றால், அது தானே பிடுங்கிக்கொள்கிறது என்று அப்போது கொள்ளலாம்.

எந்தக் காரணமாக இருந்தாலும் துணை வேண்டும். ஆனால் இறகு முளைத்து முடிந்த பிறகு. பல இடத்துக் கோழிகளை ஒன்றாக அடைக்கும் பாசாரில் வாங்காமல், வீட்டில் வளர்ப்பவரிடமிருந்து ஏறக்குறைய இதே உருவமுள்ள வெடைக்கோழிகள் இரண்டை வாங்குங்கள். ஒன்றே ஒன்று வாங்கினால், நாளை அது போனாலும் மறுபடி இதே நிலைதான். வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய் ஒட்டாதிருக்க, அவற்றை 2 முதல் 4 வாரங்கள் தனியிடத்தில் வைத்திருந்து, அதன்பின் ஒரு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும் விட்டு, ஓர் இரவில் ஒரே கொம்பில் ஏற்றிவிடுங்கள். சில நாள்கள் கொத்திக்கொள்ளும். இரத்தம் வந்தாலொழியப் பிரிக்காதீர்கள். சேவல் வேண்டாம், வரிசை வீட்டில் விடியற்காலைக் கூவலை அக்கம்பக்கத்தார் பொறுக்கமாட்டார்கள். கோழி வளர்க்க உரிமம் தேவையா என்று மாநகர் மன்றத்திலும் கேட்டுவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன், மெல்லிய கோழிவலையை எடுத்துவிட்டு, பற்றவைத்த தடித்த கம்பிவலையைக் கூரையிலும் அடித்து, அந்திக்கு முன் தாழ்ப்பாள் போடுங்கள். இல்லாவிட்டால் இந்த இரண்டும் மூசாங்குக்குத்தான்.

கேள்வி: நாய்க்கு உண்ணி வராமலிருக்கக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைக் கோழிக்கும் விடலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நீங்களாக விடக்கூடாது. அதன் அளவு நாயின் எடைக்கு வகுத்தது. மருந்து முட்டையிலும் இறங்கலாம். எத்தனை நாள் முட்டையை எறிய வேண்டும் என்பது அந்தப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்காது. கோழிக்கான தூளில் அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கோழியையே கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.