நோயாளி வேண்டாம் என்றாலும் காசநோயைத் தெரிவிக்க வேண்டுமா?

கேள்வி: பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்து, ஈரோடு மாவட்டத்தில் இயற்கை மருத்துவ கிளினிக் நடத்துகிறேன். விடாத இருமலோடு வந்த ஒரு அம்மாவைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். காசநோய் என்று லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. "மகளுக்கு வரன் பார்க்கிறோம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று அழுகிறார். நான் ஆங்கில மருந்து எழுதுவதில்லை. அரசுக்குத் தகவல் சொல்லும் கடமை எனக்கும் உண்டா?

பதில்: உண்டு, டாக்டர். தள்ளிப்போடாமல் இன்றே செய்துவிடுங்கள்.

காசநோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2012 மே மாதமே உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிக்கை மருத்துவர், கிளினிக், லேப், மருந்துக்கடை என்று எல்லோரையும் அதற்குள் கொண்டுவந்தது. சளியில் கிருமி உறுதியானாலே அவர் காசநோயாளிதான். மாத்திரை தொடங்கினாரா, யார் எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் அதற்கப்புறம். எனவே 'நான் ஆங்கில மருந்து எழுதுவதில்லை' என்ற வாதம் நிற்காது. 'லேப்பே தெரிவித்திருக்குமே' என்பதும் அப்படித்தான். லேப்பின் கடமை லேப்புக்கு, உங்கள் கடமை உங்களுக்கு.

தெரிவிக்காவிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயலாம் என்று 2018 அறிவிக்கையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 271, 272 வந்துவிட்டன. கவனக்குறைவு என்றால் ஆறு மாதம் வரை சிறை, தீய எண்ணம் என்றால் இரண்டு ஆண்டு வரை.

நோயாளியின் ரகசியம் காப்பது உங்கள் தொழில் தர்மம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு என்று 1998இல் ஒரு எச்ஐவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் கேட்கும் தகவலைச் சுகாதாரத் துறைக்குக் கொடுக்க அந்த அம்மாவின் சம்மதம் தேவையில்லை. அதே சமயம், தகவல் அங்கே மட்டும்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ உங்கள் கிளினிக்கிலிருந்து ஒரு வார்த்தை கசியக் கூடாது. வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

காசநோயாளிகளைப் பதிவதற்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் கிளினிக்கைப் பதிந்துகொண்டு நோயாளியின் பெயர், வயது, முகவரி, போன் நம்பர், பரிசோதனை விவரம் ஆகியவற்றை ஏற்றுங்கள். முடியாவிட்டால் மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். சந்தேகம் வந்தால் 1800116666 என்ற இலவச எண் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் மறைக்காமல் பேசுங்கள். அவர் பயப்படுவது ஊர்ப்பேச்சுக்கு. பதிவானால் மருந்து இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டிலுள்ளவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அவர் காப்பாற்ற நினைக்கும் மகளும் அதே வீட்டில்தான் தூங்குகிறாள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காசநோய் மாத்திரைக்குப் பதிலாக உணவுமுறையும் நீராவியும் போதும் என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். கூட்டு மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட்டாக வேண்டும். உங்கள் சிகிச்சை அதற்குத் துணையாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்தி நோய் முற்றினால் மருத்துவ அலட்சியம் என்று நுகர்வோர் ஆணையத்தில் உங்கள்மீது வழக்கு வரும். அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.