வாசகர் கேள்வி – பதில்: ஆட்டக்காரர்களையும் கதை சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி: ஞாயிறுதோறும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு நண்பர்களை வைத்துக் கதாபாத்திர ஆட்டம் நடத்திவருகிறேன். 1760–61இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்தைக் களமாக எடுத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கதை முழுவதையும் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் 'அடுத்து என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால், நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, 'நீயே சொல்லுடா' என்கிறார்கள். அவர்களையும் கதையில் பங்குபெறச் செய்வது எப்படி? முடிவு தெரிந்த வரலாற்றில் அதற்கு இடம்தான் உண்டா?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: உங்கள் நண்பர்கள் சோம்பேறிகள் அல்லர். நாற்பது பக்க நோட்டு உங்கள் மடியில் திறந்திருப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபின் நீங்கள் கேட்பது பரீட்சைக் கேள்வியாகிவிடுகிறது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம் வந்துவிட்டால் யார்தான் வாய் திறப்பார்கள்?

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், கேம் மாஸ்டர் ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அதன் சார்பாகப் பேசுவார்கள். முடிவு சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அதாவது உலகம் ஒருவருக்கு, பாத்திரம் மற்றவர்களுக்கு என்பது அந்நாளைய பாகப்பிரிவினை. பின்னர் வந்த பல ஆட்டங்கள் இந்த வரப்பை வேண்டுமென்றே உடைத்தன. ஆட்டக்காரர்களிடம் கேள்வி கேள், வரும் பதிலின்மேல் கதையைக் கட்டு என்பதைக் கேம் மாஸ்டரின் கடமையாகவே அவற்றுள் சில எழுதிவைத்திருக்கின்றன.

நமக்கு இது புதிதும் அன்று. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும்போது கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவின் கதையை அவன் எடுத்துச் சொல்வதில்லை. தாங்கள் யார், எந்த நாடு, என்ன காரியமாக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று கேட்கிறான். வேஷம் தன் வாயாலேயே தன் பெருமையைச் சொல்லிக்கொள்கிறது. கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்காருகிறவர் பாதி நேரமாவது கட்டியங்காரனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'அடுத்து என்ன?' என்பது கடலைக் காட்டி எங்கே போகிறாய் என்று கேட்பது போன்றது. கேட்கப்பட்டவருக்குப் பிடிமானம் கிடைக்காது. 'முற்றுகைப் பேச்சு எழுந்த உடனேயே உன் மாமனார் வீட்டார் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். நீ மட்டும் ஏன் போகவில்லை?' என்று கேட்டுப்பாருங்கள். பாதிச் செய்தியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். மீதி ஒரே ஒரு குழிதான், அதை நிரப்பக் கற்பனைப் புலவராக இருக்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் ஓர் இரவைச் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அரிசி வியாபாரியின் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மூன்று வாரமாக அவர் வாயிலிருந்து வந்தவை 'சரி', 'உருட்டட்டுமா?' என்ற இரண்டு சொற்களே. நான்காவது வாரம் அவரிடம், 'கிடங்குச் சாவி உம்மிடம்தானே இருந்தது, நேற்றிரவு அதை யாரிடம் கொடுத்தீர்?' என்று கேட்டேன். வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். 'என் தங்கச்சிகிட்ட. அவ வீட்ல மூணு நாளா உலை வைக்கல' என்றார். என் நோட்டிலோ, கிடங்கு நிறைந்திருப்பதாகவும் மூன்றாம் நாள் சிப்பாய்கள் அதைக் கொள்ளையடிப்பதாகவும் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அவர் கண்முன்னேயே அந்தப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டேன். எதிரில் இருந்தவர் உடனே, 'அந்தத் தங்கச்சி எந்தத் தெரு?' என்றார். அதன்பிறகு ஒரு மணிநேரம் நான் பேசியது மிகக் குறைவு.

அப்படிக் குறுக்கே கோடு போடாமல் நான் விட்டிருந்தால் அவருடைய பதில் வெறும் அலங்காரமாகப் போயிருக்கும். கருத்துக் கேட்டுவிட்டு, முன்பே தீர்மானித்ததையே செய்யும் வீட்டுப் பெரியவர்களை நாம் எல்லாரும் அறிவோம். இரண்டு கல்யாணத்துக்குப் பிறகு அவர்களிடம் யாரும் கருத்துச் சொல்வதில்லை. ஆட்டக்காரர் சொன்னதற்காக உங்கள் திட்டத்தில் ஏதேனும் ஒன்றை நீங்கள் இழக்க வேண்டும், அதை அவர் பார்க்கவும் வேண்டும்.

வரலாற்றைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடையும். கோட்டை பின்னர் இடிக்கப்படும். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நகரம் தப்புமா என்ற கேள்வி போய்விட்டால், யார் எதைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறார், யார் யாரை விட்டுவிட்டுப் போகிறார் என்ற கேள்விகள் மேசைக்கு வரும். அவை முழுக்க உங்கள் நண்பர்களுடையவை. பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி கூட் போன்றவர்களையும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையையும் வரலாற்றிடமே விட்டுவிட்டு, படகோட்டி, தறிக்காரர், கணக்குப்பிள்ளை ஆகியோரை நண்பர்களிடம் கொடுங்கள். 1761 புத்தாண்டு நாளில் வீசிய புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பல உடைந்ததை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. நோட்டில் தேதிகளும், ஆளுக்கொரு ஆசை உள்ள மூன்று துணைப் பாத்திரங்களும், பாதி வரைந்த ஒரு வரைபடமும் இருந்தால் போதும்; மீதி வரைபடத்தை நண்பர்கள் வரையட்டும்.

கேள்வி: கதை சொல்லும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தேன். இப்போது ஒருவரே எல்லாவற்றையும் சொல்கிறார். போதாததற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெலிகாப்டரை இறக்குகிறார்.
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ஹெலிகாப்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், எந்தக் காலம், என்னென்ன இருக்கலாம் என்று ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் அது தானே பறந்துவிடும். ஒருவரே பேசுவதுதான் உண்மையான சிக்கல். அதற்கு உரிமையை ஆளுக்கொரு துறையாகப் பிரித்துக் கொடுங்கள்: துறைமுகத்தைப் பற்றி எது கேட்டாலும் படகோட்டியாக ஆடுபவர்தான் சொல்ல வேண்டும், கோயிலைப் பற்றி என்றால் தேவதாசியாக ஆடுபவர்தான். முந்திக்கொண்டு பேசுபவரை அடக்காமல், 'நல்ல யோசனை. ஆனால் அது இவருடைய தெருவில் நடக்கிறதே, இவர் என்ன சொல்கிறார்?' என்று திருப்பிவிடுங்கள்.

கேள்வி: கடல் பொங்கி ஊருக்குள் வருவதாக ஓர் ஆட்டக்காரர் விவரித்தபோது, இன்னொரு தோழி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சிறு வயதைத் தேவனாம்பட்டினத்தில் கழித்தவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: 2004 டிசம்பர் 26இன் நினைவு நம் கரையில் எந்த வீட்டில் எப்படிக் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கதையைப் பலர் சேர்ந்து சொல்லும்போது அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது கேம் மாஸ்டருக்கே தெரியாது. ஆகவே தனியொருவர் எழுதும் கதையைவிட இங்கே ஒரு முன்னேற்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதல் நாளே, கதையில் வரவே கூடாதவை எவை, வந்தாலும் விவரிக்காமல் கடந்துவிட வேண்டியவை எவை என்று ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். யார் எழுதியது என்று கேட்க வேண்டாம். அதோடு, பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை மேசை நடுவில் வைக்கும் வழக்கமும் உண்டு. யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். உங்கள் தோழியிடம் இப்போது விளக்கம் எதுவும் கேட்காதீர்கள். அட்டையை வைத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

கேள்வி: இருபது முகப் பகடை இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
— ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: பாட்டி வீட்டுப் பரணில் தாயக்கட்டை இருக்கும், எடுங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் வரக்கூடிய சேர்க்கைகள் 16. அவற்றில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை 6 முறை வரும். இவை விழுந்தால் நினைத்தது நடக்கட்டும். இரண்டும் நான்கும் சேர்ந்து 6 முறை வரும்; நடக்காது. மீதி 4 முறை மூன்று விழும். காரியம் நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்பதைக் கேம் மாஸ்டர் சொல்லக் கூடாது, உருட்டியவரின் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டும். எங்கள் மேசையில் எல்லாரும் காத்திருப்பது இந்த மூன்றுக்காகத்தான்.