எதிர்க் கட்சிக்காரரை மதித்துப் பேசினால் கொள்கை நீர்த்துப்போகுமா?

போகாது. பெரியாரும் ராஜாஜியும் இதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராகப் போராடினார். துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 1967 தேர்தலிலும் இருவரும் எதிரெதிர் அணிதான். ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் தள்ளாத உடம்போடு சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர்விட்டு அழுதார்.

கவனியுங்கள், பெரியாரின் பேச்சில் காரம் குறைவாக இருந்ததே இல்லை. ஆகவே மரியாதை என்றால் மென்மையாகப் பேசுவது என்று நான் நினைக்கவில்லை. திட்டத்தைக் கிழித்துப் போடலாம். ஆனால் அதைச் சொன்னவர் வீட்டுச் சாவுக்குப் போக மனசு இருக்க வேண்டும்.

இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமாவோடு சண்டை வந்தால், முதலில் அவர் வாதத்தை நீங்களே சொல்லி, “நீங்க சொல்றது இதுதானே மாமா?” என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்ற பிறகு மறுத்துப் பேசுங்கள்.